நான் சுரண்டிய புள்ளிகள்

அன்புள்ள சவரிக்கு, நைனா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கிப் பழகிய கை. இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. அவள்மேல் தப்பில்லை. இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு, ஒட்டாமல், அவலூர்பேட்டையில் சின்னப்பனிடம் கொடுக்கப் போகிறேன். அவர் படித்துவிட்டு, தன் மகள் பிலோமினாவையும் படிக்கச் சொல்லி, பிறகு மெட்ராசுக்கு உனக்குத் தபாலில் சேர்க்கட்டும். இதே விஷயத்தை எழுதி இன்னொரு கடிதம் பெங்களூருக்கு, உன் பழைய மேலதிகாரிக்குப் போகிறது. உன்மேல் பழி ஊரறிய விழுந்தது. அதை எடுப்பதும் ஊரறியத்தான் நடக்க வேண்டும்.

உனக்கும் பிலோமினாவுக்கும் கோயிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பூசைக்கு வந்திருந்தாள். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும், இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் கேட்பதும் நமக்குப் பழகிப்போன சங்கதி. யாரும் எழுந்து எதுவும் சொன்னதாக நான் பார்த்ததில்லை. இந்தத் தடவையும் கோயிலில் யாரும் எழுந்திருக்கவில்லை. யாரோ பஸ் ஏறிப்போய்ச் சின்னப்பன் காதில் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் பெங்களூரில் ஆகாய விமான ஆராய்ச்சியில் பொய்ப் படம் காட்டி வேலை போனவன் என்று.

மறுநாளே அவர் நம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கடலை மண்டியில் நின்று நின்று பழகியவர், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "உங்க பையன் போட்டோவத் திருத்திப் பொய்க் கணக்கு குடுத்தானாமே. மெய்தானா?" என்று நேராகக் கேட்டார். சவரி, அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் பழைய கதைங்க, இப்ப இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, காபி வாங்கிவர ஆள் அனுப்பினேன். காபி வருமுன் அவர் போய்விட்டார். போனவர் உனக்கே எழுதிக் கேட்டார். நீ அவருக்கு எழுதிய பதிலை அவர் ஆள் மூலம் கொடுத்தனுப்ப, நான் பார்த்தேன். போட்டோ பிளேட்டில் திருத்தம் நடந்தது உண்மை, அதற்கு நானே பொறுப்பு, உங்களுக்கு மனமில்லை என்றால் ஓலையை நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். அவரும் நிறுத்திவிட்டார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை இரண்டாம் தடவையும் உன்னையே சுட்டது.

நம் ஸ்டுடியோ எதனால் ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். வெளியே நிஜக் கோட்டை மலைமேல் நிற்கிறது. அதை விட்டுவிட்டு, உள்ளே துணியில் எழுதிய மாளிகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் பஸ் ஏறி வருகிறார்கள். இருக்கிற முகத்தைப் பார்க்க வீட்டில் கண்ணாடி போதும், ஸ்டுடியோ எதற்கு? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்களே, அந்த ஆயிரத்தில் பாதியை இந்தத் தாலுகாவில் நான்தான் செய்து கொடுத்தேன். நெகடிவைச் சாய்வுக் கண்ணாடிமேல் வைத்து, அடியிலிருந்து வெயில் வெளிச்சம் வரும்படி செய்து, டச்சிங் பென்சிலால் தடவினால் கறுத்த கன்னம் வெளுக்கும். சின்னக் கத்தியால் மேல்பூச்சைச் சுரண்டினால் வேண்டாதது மறையும். ஒன்றரைக் கண்ணை நேராக்கியிருக்கிறேன், தூக்கிய பல்லை உள்ளே தள்ளியிருக்கிறேன். பொய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உபகாரம் என்றுதான் நினைத்தேன்.

கல்யாணமான புதிதில் உன் அம்மாவை ஒரு படம் எடுத்தேன். அவள் முகத்து அம்மைத் தழும்புகளை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைத்தேன். படத்தைக் கையில் கொடுத்தபோது பெருமையாக நின்றேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்றாள்.

"நீதான்" என்றேன்.

"நான் இல்ல. என் மூஞ்சி புடிக்கலன்னா பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

அந்தப் படத்தை அவள் சுவரில் மாட்டவே இல்லை. எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். பட்டிக்காட்டுக்காரி, ரசனை இல்லை என்று சிரித்துவிட்டேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இந்தக் காரியத்தை மட்டும் செய்யாதே. கேட்காத இடத்தில் போய்த் திருத்தி நிற்காதே. பாசம் என்று நினைத்துத்தான் செய்வோம். அடுத்தவருக்கு அது அவமானமாகத்தான் போய்ச் சேரும்.

உன் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிய சமயம், தந்தி கண்டதும் நீ பெங்களூரிலிருந்து ஓடிவந்தாய். உன் பெட்டிக்குள் இன்னொரு சின்ன மரப்பெட்டி இருந்தது. அதில் கம்பளித் துணிக்கு நடுவே இரண்டு கண்ணாடிப் பிளேட்டுகள், கண்ணாடியில் எடுத்த நெகடிவ்கள். அதை வெளியே கொண்டுவரவே கூடாது என்பது உங்கள் இடத்துச் சட்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வேலையும் கெடக்கூடாது, அம்மாவையும் பார்க்க வேண்டும் என்று நீ சட்டத்தை மீறி எடுத்து வந்திருந்தாய். இருட்டறையில் நின்று நீ எனக்கு விளக்கியது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"பெரிய கூண்டு மாதிரி ஒரு குகை நைனா. அதுக்குள்ள வெமானத்தோட சின்ன மாடல நிறுத்திக் காத்த வுடுவோம். காத்து வேகமாப் போனா ரெக்க வளையும், நுனி ஆடும். எவ்ளோன்னு தொட்டுப் பாக்க முடியாது, தொட்டா காத்தே மாறிடும். அதனால கறுப்பு ரெக்க மேல வெள்ளப் புள்ளி வெச்சி, கண்ணாடி ஜன்னல் வழியா போட்டோ எடுக்கறோம். காத்து இல்லாம ஒண்ணு, காத்தோட ஒண்ணு. புள்ளி எங்க போச்சின்னு பாத்தா ரெக்க இன்னா பண்ணுதுன்னு தெரிஞ்சிடும்."

"இத்தன படிச்சி கடைசில என் தொழிலுக்கே வந்துட்டியேடா" என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். நாம் இருவரும் சேர்ந்து மனம்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

அன்று மதியம் அம்மாவைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினாய். போகிற அவசரத்தில், "காத்தோட எடுத்த பிளேட்ட மட்டும் பெருசா ஒரு பிரிண்டு போட்டு வை நைனா, மீட்டிங்ல பெரியவங்க பாக்கணும். அளவெல்லாம் பிளேட்டுலதான் எடுப்பாங்க. பேப்பர் தண்ணியில ஊறினா இழுத்துக்கும்" என்று சொன்னாய். உன் கூட வேலை பார்க்கும் கோபால் வந்து பெட்டியை வாங்கிக்கொள்வான் என்றும் சொன்னாய். அளவு பிளேட்டில்தான் எடுப்பார்கள் என்று நீ சொன்னது காதில் விழுந்தது. பெரியவர்கள் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் மனதில் நின்றது.

பிளேட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். விமானத்தின் உடம்போடு ஒட்டிய பக்கத்தில் புள்ளிகள் உருண்டையாக, அழகாக இருந்தன. நுனிப் பக்கம் போகப்போக ஒவ்வொரு புள்ளியும் மேலும் கீழும் இழுபட்டுக் கோடாகியிருந்தது. நுனிப் புள்ளிகள் விரல் பட்டு அழிந்த கோலம் போல இருந்தன. பையன் கேமராவை ஆட்டிவிட்டான், பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கத்தியை எடுத்துக் கோடுகளின் இரண்டு முனையையும் சுரண்டினேன். நடுவில் மை வைத்து உருட்டினேன். வெயில் சாயுமுன் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக இருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷமும் பட்டேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிவிட்டால் உன் மனம் இளகிவிடும், எனக்குத் தெரியும். ஆனால் அது முழு உண்மை இல்லை. கேமரா ஆடியிருந்தால் எல்லாப் புள்ளியும் இழுபட்டிருக்கும். பாதி உருண்டையாகவும் பாதி கோடாகவும் விழாது. தொழிலுக்கு வந்த புதிதிலேயே கற்றுக்கொள்கிற விஷயம் இது. கத்தியை எடுக்கும்போதே எனக்கு அது தெரிந்திருந்தது. ஆடியது ரெக்கைதான் என்று ஒரு நிமிஷம் தோன்றவும் தோன்றியது. நீ திரும்பி வரும்வரை பொறுத்திருந்து கேட்டிருக்கலாம். பொறுக்கவில்லை. என் மகன் எடுத்த படத்தில் அழுக்கு இருக்கக் கூடாது என்ற வீம்பு. உன் நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டேனே தவிர, அது என் கையின் திமிர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கூடச் சொல்ல முடியாது. உன்னுடையது பிள்ளையாராகத்தான் இருந்தது. நான்தான் குரங்காக்கினேன்.

கோபால் வந்து பெட்டியையும் சுருட்டிக் கட்டிய பிரிண்டையும் என் கையிலிருந்துதான் வாங்கிப்போனான். நீ திண்டிவனத்தில் அம்மாவின் கட்டிலடியில் கிடந்தாய். பெங்களூரில் வேறு யாரோ பிளேட்டை அளந்தார்கள். ரெக்கை வளைகிறது, ஆனால் ஆடவில்லை என்று முடிவு கட்டினார்கள். அந்தத் தைரியத்தில் அடுத்த தடவை காற்றின் வேகத்தைக் கூட்டினார்கள். நுனி படபடவென்று அடித்து முறிந்து, துண்டு போய்க் காற்று விடுகிற பெரிய விசிறியில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவர் காப்பாற்றினார். வேலை மாதக்கணக்கில் நின்றுபோனது. நீ அம்மாவைத் தேற்றி வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனாய், பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தாய். "வேல போச்சி நைனா" என்று மட்டும் சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது. அதன்பின் மெட்ராஸ் போய் ஒரு லேத் பட்டறையில் வரைபடம் போட உட்கார்ந்தாய், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாய்.

நடந்தது முழுவதும் எனக்குத் தெரிந்தது பிறகுதான். கோபால் தன் மனைவியோடு கோட்டை பார்க்க வந்தவன் நம் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொள்ள வந்தான். அவர்களை உட்கார வைத்துவிட்டுக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். உன் அம்மா காபியோடு வந்து நின்றாள். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்களுக்கு இன்னிக்கும் நம்ப முடியலைங்க. பிளேட்டுல கத்தியில சுரண்டின தடம் இருக்குன்னு கண்டுபிடிச்சு சவரியக் கூப்பிட்டாங்க. லென்ஸ்ல ஒரு தடவதான் குனிஞ்சு பார்த்தான். நிமிர்ந்து, 'நான்தான் செஞ்சேன்'னுட்டான். ஏன்டான்னு கேட்டதுக்கு வாயே தெறக்கல."

சின்ன வயதிலிருந்து என் கை வேலையைப் பார்த்தவன் நீ. யாருடைய கத்தி என்று அந்த ஒரு பார்வையிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் நீ என்னைக் காப்பாற்ற முடிவு செய்தாய். நானோ துணிக்குள் தலையை வைத்துக்கொண்டு, படம் சரியாகத் தெரிந்த பிறகும் வெளியே எடுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதை எல்லாருக்கும் தெரியும். நான் துணியில் மறைத்தேன். வெளியே வந்தபோது உன் அம்மா காபித் தட்டோடு அப்படியே நின்றிருந்தாள். நீ பொய்யன் என்று அவள் நம்பிவிட்டாள், நான் நம்பவிட்டேன்.

அடுத்த ஈஸ்டருக்கு நீ வந்தாய். வாசல்படி ஏறுவதற்குள் அவள் உன்னைக் கன்னத்தில் அறைந்தாள். "பொய்ப் படம் காட்டிப் பொழைக்கறவன் என் வவுத்துல பொறக்கல" என்றாள். நீ அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் கூட நான் வாய் திறந்திருப்பேனோ என்னவோ. நீ சும்மாதான் பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து இலை முன்னால் உட்கார்ந்தாய். அப்போது நான் சொன்னது என்ன தெரியுமா? "வுடு, புள்ள சாப்டட்டும்" என்றேன். நல்லவன் மாதிரி. அந்த ஒரு வார்த்தைக்காக என்னை எத்தனை தடவை செருப்பால் அடித்தாலும் தகும். பெற்றவர்கள் எது செய்தாலும் பிள்ளை நன்மைக்கே என்று ஊரில் சொல்கிறார்களே, அதை நம்பாதே. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அதன் முன்னால் உன் தப்பு நின்றால், முதலில் நீயே சொல்லிவிடு. ஒருநாள் தள்ளினால் மறுநாள் இரண்டு மடங்கு கனக்கும்.

நீ சின்னப்பனுக்கு எழுதிய பதிலைப் பார்த்த அன்று பகலே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "எம் புள்ளய நான் அடிச்சன்யா. நீ பாத்துக்கினு இருந்த" என்றாள். அவ்வளவுதான். அதிலிருந்து எனக்குச் சோறு மட்டும்தான்.

அடுத்த பஸ்ஸில் அவலூர்பேட்டைக்குப் போனேன். மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சின்னப்பன் முழுக்கக் கேட்டார். "தப்பு பண்ணது பையன் இல்ல, அப்பன்னு ஆவுது. இதக் கேட்டு நான் சந்தோசப்படறதா, பயப்படறதா? எப்டியும் அந்த வூட்டுலதானே எம் பொண்ணு வாழணும்" என்றார். அவருக்குக் கோபம் இருந்தது, ஆனால் மரியாதை தப்பவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய், எல்லாவற்றையும் பிலோமினாவிடமே சொல்லச் சொன்னார்.

அந்தப் பெண் கதவோரம் ஒளியவில்லை. எதிரில் வந்து நின்று கேட்டது. கேட்டு முடித்ததும் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க சொன்னத நான் நம்பறேன் மாமா. ஆனா இத அவரு சொல்லணும். உங்கள வுட்டுக் குடுக்கக் கூடாதுன்னு ஆபீசுல ஒரு பொய் சொன்னாரு. அதே பொய்ய எங்கப்பாவுக்கும் எழுதினாரு. நாளைக்கு யாருக்காகவாவது எங்கிட்டயும் சொல்லுவாரு. அவரு வாயால நெசத்தக் கேட்டுட்டா, அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓல வாசிக்கச் சொல்லுங்க." தழும்பை மூடாமல் பார்க்கத் தெரிந்த பெண். உனக்கு நான் தேடியிருந்தாலும் இப்படி ஒருத்தியைத் தேடியிருக்க மாட்டேன், எனக்கு அந்தக் கண் கிடையாது.

பெங்களூருக்கு எழுதியிருப்பதால் உன் வேலை திரும்பி வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். சட்டத்தை மீறிப் பிளேட்டை எடுத்துவந்தது உன் தப்புதான், அதற்கு உண்டான தண்டனையை மறுக்க முடியாது. ஆனால் பொய்யன் என்ற பெயர் உன்னுடையதல்ல. அழைத்தால் நேரில் போய், அதே லென்ஸில் பார்த்து, என் கை என்று சொல்லுவேன். போலீசில் கொடுத்தாலும் போகிறேன். நம் ஊர்ச் சாமியாரிடமும் சொல்லியாயிற்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மனமில்லாமல், வெளியே கோயில் முற்றத்தில், நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன்.

நீ என்னைக் காப்பாற்றினாய். பெற்ற பிள்ளை அப்படிச் செய்ததை நினைத்தால் மனசு பொங்குகிறது, பொங்கின கையோடு வெட்கமும் வருகிறது. ஆனால் சவரி, உன் மௌனம் எனக்கு எத்தனை சௌகரியமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கேட்காதவரை நான் சொல்ல வேண்டியதில்லை என்று இத்தனை நாள் காலம் தள்ளிவிட்டேன். இனி எனக்கு அந்தச் சௌகரியம் கொடுக்காதே. முதலில் அவலூர்பேட்டைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லு. பிறகு வீட்டுக்கு வா. அம்மா உன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுவாள், அழட்டும். அவள் அழுது முடித்ததும், அவள் எதிரிலேயே என்னைப் பார்த்து, "ஏன் நைனா செஞ்ச?" என்று கேள். நீ இன்னும் ஒரு தடவைகூட என்னை அதைக் கேட்கவில்லை.

உன் நைனா